நாய்க்குட்டி கடித்த ஆறாவது நாள்

என் மாணவி ஒருத்தி விடைத்தாளை இடது கையால் நீட்டினாள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் ஆசிரியரிடம் எதையும் இடது கையால் கொடுக்க மாட்டார்கள். அதனால்தான் வலது கையைப் பார்த்தேன். சுண்டுவிரலில் பிளாஸ்திரி. "என்னம்மா ஆச்சு?" என்றதற்கு, "கதவுல நசுங்கிடுச்சு மேம்" என்றாள். பின்னால் நின்ற தோழி சட்டென்று தரையைப் பார்த்தாள். பிளாஸ்திரியைப் பிரிக்கச் சொன்னேன். நகத்துக்குக் கீழே சின்னதாக இரண்டு புள்ளிகள், சுற்றிலும் காய்ந்துபோன மஞ்சள். கதவுக்குப் பல் கிடையாது.

நாமக்கல் பக்கம் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறேன். பெண்கள் விடுதிக்குத் துணைக் காப்பாளர் பொறுப்பும் என் தலையில்தான். மெஸ்ஸுக்குப் பின்னால் விறகு அடுக்கியிருக்கும் இடத்தில் ஒரு தெருநாய் நாலு குட்டி போட்டிருந்தது. பிள்ளைகள் ரகசியமாகப் பால்சோறு வைத்து வளர்த்திருக்கிறார்கள். அதில் ஒன்றுதான் கடித்திருக்கிறது. கடித்து ஆறு நாளாகிவிட்டது.

இதில் என்னைச் சுட்டது வேறு விஷயம். அதற்கு முந்தைய மாதத் தேர்வில் ரேபிஸ், அதாவது வெறிநாய்க்கடி நோய் பற்றி ஐந்து மதிப்பெண் கேள்வி ஒன்று கேட்டிருந்தேன். அதில் இவளுக்கு நாலரை. வைரஸுக்குத் துப்பாக்கித் தோட்டா வடிவம் என்று படம் போட்டிருந்தாள், மூளைச் செல்களில் தெரியும் நெக்ரி துகள்களைப் பற்றி எழுதியிருந்தாள். 'அறிகுறி தோன்றிய பின் மரணம் ஏறக்குறைய உறுதி' என்று அவள் கையாலேயே எழுதி அடிக்கோடும் இட்டிருந்தாள். அந்த அரை மதிப்பெண்ணை எதற்குக் குறைத்தேன் என்று இப்போது ஞாபகம் இல்லை.

சரி, அவளை மட்டும் சொல்லி என்ன? அடுத்து நான் செய்ததையும் சொல்ல வேண்டும். "குட்டி எங்கே இருக்கு? பத்து நாள் பார்ப்போம். அது நல்லா இருந்தா பயமில்லை" என்றேன். விலங்கியலில் முனைவர் பட்டம் வாங்கியவள் சொன்ன வார்த்தை. அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. விறகுக் கட்டுக்குப் பின்னால் போய்ப் பார்த்தால் மூன்று குட்டிகள்தான் இருந்தன. கடித்த வெள்ளைக் குட்டியை ரெண்டு நாளாகக் காணோம் என்று சமையல்கார அக்கா சொன்னார். வண்டியில் அடிபட்டதா, யாராவது தூக்கிப் போனார்களா, நோய்ப்பட்டு எங்காவது ஒதுங்கிச் செத்ததா, தெரியாது. அப்புறம்தான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஆட்டோ பிடித்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம்.

அங்கிருந்த டாக்டர் என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். என் பத்து நாள் கணக்கைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அப்புறம் சொன்னார்: "மேடம், பத்து நாள் பார்க்கிறது ஊசியைப் பாதியில நிறுத்தலாமான்னு முடிவு பண்ண. ஊசியை ஆரம்பிக்கலாமான்னு முடிவு பண்ண இல்லை. கடிச்ச அன்னிக்கே முதல் ஊசி போட்டுடணும். நாயை ஒரு பக்கம் பார்த்துக்கிட்டே இருக்கலாம்." நாய்க்கும் பூனைக்கும் மட்டும்தான் இந்தப் பத்து நாள் கணக்கே. குரங்கு கடித்துவிட்டு மரத்தில் ஏறிவிட்டால் எதைப் பார்ப்பது?

மாணவியிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, "சோப்பு போட்டுக் கழுவினியா?" என்பது. "டெட்டால் தொட்டு வச்சோம் டாக்டர், அப்புறம் மஞ்சள்." டாக்டர் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். "பதினஞ்சு நிமிஷம். குழாயைத் திறந்துவிட்டு, ஓடுற தண்ணியில, சோப்பு நுரையோட. ஒரு தடவை நின்னு பாரு, எவ்வளவு நேரம்னு தெரியும்." அன்று இரவு விடுதியில் கைபேசியில் நேரம் வைத்து நானே கழுவிப் பார்த்தேன். மூன்றாவது நிமிடத்தில் போதும் என்று தோன்றிவிடுகிறது. ஏழாவது நிமிடத்தில் தண்ணீர் வீணாகிறதே என்று மனம் அடித்துக்கொள்கிறது. பதினைந்து நிமிடம் என்பது ஓடுகிற குழாய்க்கு முன்னால் மிக நீண்ட நேரம். ஆனால் இந்த வைரஸுக்கு மேலே கொழுப்பாலான ஓர் உறை உண்டு, சோப்பு அதைக் கரைத்துவிடும். காயத்தில் கிடக்கும் வைரஸ் நரம்புக்குள் நுழைவதற்கு முன்னால் அதை அழிக்க நம் கையில் இருக்கும் முதல் ஆயுதம் ஒரு சோப்புக் கட்டிதான். மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எல்லாம் காயத்தை எரிச்சலூட்டுமே தவிர வேறொன்றும் செய்யாது.

ரத்தம் வந்திருந்ததால் அது மூன்றாம் வகைக் கடி. நக்கினால், அதுவும் தோல் முழுசாக இருந்தால், முதல் வகை. கழுவினால் போதும், ஊசி வேண்டாம். ரத்தம் வராத கீறல், லேசான பல் பதிவு இரண்டாம் வகை, தடுப்பூசி. தோலைக் கிழித்து ரத்தம் வந்தாலும், காயத்திலோ வாயிலோ கண்ணிலோ எச்சில் பட்டாலும் மூன்றாம் வகை. தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரதமும் வேண்டும். தடுப்பூசி வேலை செய்து உடம்பு தானே எதிர்ப்புச் சக்தியை உருவாக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிடும். அதுவரைக்கும் கடன் வாங்கிய எதிர்ப்புச் சக்தி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தடுப்பூசியை அங்கேயே போட்டார்கள். இரண்டு தோளிலும் தோலுக்குள் ஒவ்வொரு துளி. கொசு கடித்த மாதிரி சின்னதாக ஒரு கொப்புளம் எழும்பியது, அவ்வளவுதான். "தொப்புளைச் சுத்திப் போடுவாங்கன்னு நினைச்சேன் மேம்" என்று அவள் அப்போதுதான் வாயைத் திறந்தாள். இம்யூனோகுளோபுலினுக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அங்கேதான் நிஜமாக வலித்தது. அந்த மருந்தைக் காயத்துக்குள்ளும் அதைச் சுற்றியும் செலுத்த வேண்டும். சுண்டுவிரலில் இடம் எங்கே இருக்கிறது? தோல் வெளுத்துப் பளபளவென்று உப்பியது. "குட்டி கடிச்சப்பகூட இவ்வளவு வலிக்கல" என்று என் தோளில் முகத்தைப் புதைத்து அழுதாள். விரல், முகம், கழுத்து இங்கெல்லாம் கடித்தால் இன்னும் அவசரம். விரல் நுனியில் நரம்புகள் நெருக்கமாக இருக்கின்றன. முகத்தில் கடித்தால் மூளைக்குத் தூரம் குறைவு. வைரஸ் நரம்பு வழியாகத்தான் மூளைக்குப் போகிறது. பெரும்பாலும் அதற்கு ஒன்று முதல் மூன்று மாதம் பிடிக்கும். அந்த இடைவெளிதான் நமக்குக் கிடைக்கும் வாய்ப்பு. எத்தனை நாள் தாமதமானாலும், 'இனிமே போட்டு என்ன ஆகப்போகுது' என்று விட்டுவிடாமல் போக வேண்டும் என்பதற்கும் அதுவே காரணம்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் கேட்டேன், ஏன் சொல்லவில்லை என்று. நான் எதிர்பார்த்த பதில் 'தெரியாது மேம்' என்பது. அவள் சொன்னது: "சொன்னா குட்டிங்களப் பிடிச்சுட்டுப் போயிடுவாங்க. சோறு வச்சது யாருன்னு விசாரிப்பாங்க. அப்பாவுக்கு போன் பண்ணுவாங்க. அப்பா வந்தா படிச்சது போதும் வீட்டுக்கு வான்னு கூட்டிட்டுப் போயிடுவார்." அதோடு அந்தத் தொப்புள் ஊசி. அவள் பயந்தது நோய்க்கு இல்லை. எங்களுக்கு.

தொப்புள் ஊசிக் கதை எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். அது பொய் இல்லை, பழையது. ஆட்டு மூளையில் வைரஸை வளர்த்துச் செய்த தடுப்பூசியை ஒரு காலத்தில் வயிற்றில்தான் போட்டார்கள். பதினான்கு ஊசி வரைக்கும் போகும். நம் குன்னூரில் 1907-இல் தொடங்கிய பாஸ்டர் நிலையமும் அந்த மருந்தைத் தயாரித்து வந்தது. இருபது வருஷத்துக்கு முன்னாலேயே இந்தியாவில் அந்த ஊசியை நிறுத்திவிட்டார்கள். இப்போது தோலுக்குள் போடுவதானால் முதல் நாள், அதிலிருந்து 3, 7, 28-ஆம் நாள் என்று நான்கு தடவை, கையில் மட்டும். ஊசி போய்விட்டது, பயம் மட்டும் பாட்டியிடமிருந்து பேத்திக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

இந்தச் சம்பவத்துக்குப் பிறகு நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களை வைத்துக் கல்லூரி முழுக்க ஒரு வினாத்தாள் கொடுத்தோம். முதல் வினாத்தாள் படுதோல்வி. விலங்கிடமிருந்து மனிதனுக்குப் பரவும் நோய்கள் ஐந்து எழுதுக, நிபா வைரஸ் எதன் மூலம் பரவுகிறது, இப்படி. எல்லோரும் அழகாக எழுதினார்கள். எங்கள் துறைப் பிள்ளைகள் பாக்டீரியா பெயரைக்கூடப் பிழையில்லாமல் எழுதினார்கள். படித்துவிட்டு மேசையில் வைத்தேன். இதை வைத்து எந்த விரலையும் காப்பாற்ற முடியாது என்று தெரிந்தது.

இரண்டாவதில் கேள்விகளை மாற்றினோம். 'உங்கள் வீட்டில் வளரும், தடுப்பூசி போட்ட பூனை பிறாண்டி ரத்தம் வந்துவிட்டது. அடுத்த ஒரு மணி நேரத்தில் என்ன செய்வீர்கள்?' 'மாடு கன்று வீசிவிட்டது. நஞ்சுக்கொடியை யார் எடுப்பார்கள், எப்படி?' 'காலையில் நன்றாக மேய்ந்த ஆடு சாயங்காலம் செத்துக் கிடக்கிறது, மூக்கில் ரத்தம். கறியை என்ன செய்வீர்கள்?' பெயர் எழுத வேண்டாம், ஊரும் துறையும் மட்டும் போதும் என்றோம். கல்லூரியில் மாணவர்களுக்குக் கொடுக்கிற எந்தக் கருத்தாய்விலும் முதலில் செய்ய வேண்டியது பெயரை எடுப்பதுதான் என்பது என் அனுபவம்.

அந்தத் தாள்களைப் படித்த இரண்டு இரவுகள் என் படிப்புக்கே ஒரு பாடம்.

பூனைக் கேள்விக்குப் பெரும்பாலானோர் 'தடுப்பூசி போட்ட பூனைதானே, ஒன்றும் வேண்டாம்' என்று எழுதியிருந்தார்கள். பூனைக்கு ரேபிஸே வராது என்றும் சிலர். வரும். பாலூட்டி எதற்கும் வரும். வீட்டுப் பிராணிக்கு எப்போதோ ஒருமுறை போட்ட ஊசி உங்களுக்குக் காப்பு இல்லை; அதற்கு வருஷா வருஷம் போட்டிருக்க வேண்டும், கையில் அதற்கான அட்டை இருக்க வேண்டும், அப்போதும் முடிவு செய்வது டாக்டர்தான். ஏற்கெனவே முழுசாக ரேபிஸ் தடுப்பூசி போட்டுக்கொண்டவரை மறுபடி கடித்தாலும் போக வேண்டும். ஆனால் அவருக்கு இரண்டு ஊசி போதும், இம்யூனோகுளோபுலின் தேவையில்லை. அதனால் ஊசிச் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். என் மாணவி அதை லேமினேட் செய்து வைத்திருக்கிறாள்.

ஆட்டுக் கேள்விக்கு வந்த பதில்கள்தான் என்னை உட்கார வைத்தன. நாமக்கல் சுற்றுவட்டாரத்தில் ஆடு இல்லாத வீடு குறைவு. 'அரை விலைக்குக் கூறு போட்டுக் கொடுத்துவிடுவோம்', 'நன்றாக வேகவைத்தால் ஒன்றும் ஆகாது', 'தோலை மட்டும் உரித்துவிட்டுப் புதைப்போம்' என்று பல பதில்கள். நேர்மையாக எழுதியதற்கு அவர்களைப் பாராட்ட வேண்டும். நடுவில் ஒரு தாளில், தமிழ் இலக்கியம் படிக்கும் ஒரு பையன், கோணல் கையெழுத்தில்: 'அது அடைப்பான். அறுக்கவே கூடாது. கத்தி பட்டால் அந்த இடத்து மண் கெட்டுவிடும் என்று தாத்தா சொல்வார். அடுத்த வருஷம் அங்கே மேய்கிற ஆடும் சாகும்.'

அடுத்த நாள் வகுப்பில் விலங்கியல் மூன்றாமாண்டுப் பிள்ளைகளிடம், "அடைப்பான்னா என்ன?" என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. "ஆந்த்ராக்ஸ்?" என்றதும் பத்துக் கைகள் எழும்பின. பேசில்லஸ் ஆந்த்ராசிஸ், 1876-இல் ராபர்ட் கோக், 2001-இல் அமெரிக்காவில் தபால் உறையில் பொடியாக அனுப்பினார்கள், உயிரி ஆயுதம். எல்லாம் சரி. அவர்களில் பாதிப் பேர் வீட்டில் ஆடு இருக்கிறது. அந்தப் பட்டிக்கு ஆபத்து வரும்போது வீட்டில் 'அடைப்பான்' என்ற சொல்தான் காதில் விழும்; அது தபால் உறையில் போனதுதான் என்று அவர்களுக்குத் தெரியாது. குற்றம் என்னுடையது. இத்தனை வருஷமாக நானும் அந்த இரண்டு சொற்களையும் ஒரே பலகையில் எழுதியதில்லை.

தாத்தா சொன்னது அறிவியல்படி அப்படியே சரி. கிருமி உடம்புக்குள் இருக்கும்வரை சாதாரணமாக இருக்கும். உடம்பைக் கிழித்துக் காற்றுப் பட்டதும் தடித்த ஓட்டுக்குள் ஒடுங்கி வித்தாக மாறிவிடும். அந்த வித்து மண்ணில் பத்து வருஷக் கணக்கில் காத்திருக்கும். அறுத்தவன் கையில் ஒரு கொப்புளம் வந்து, வலியில்லாமல் நடுவில் கருப்பாகப் பொருக்குக் கட்டும். திடீரென்று செத்த ஆடு மாடு, மூக்கிலோ ஆசனவாயிலோ உறையாத ரத்தம் என்றால், கத்தியை எடுக்காமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். 1962-க்கு அடித்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும். நாய் கிழிக்காதபடி யாராவது ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். அந்தப் பையனைத்தான் மறுவாரம் எங்கள் துறைக்கு அழைத்துப் பேச வைத்தேன். வேட்டி கட்டிக்கொண்டு வந்து இருபது நிமிடம் பேசினான். கேள்வி கேட்ட பிள்ளைகளிடம் "எனக்கு லத்தீன் பேரெல்லாம் தெரியாதுங்க" என்றான்.

நஞ்சுக்கொடிக் கேள்விக்குப் பெண் பிள்ளைகள்தான் நீளமாக எழுதியிருந்தார்கள், அந்த வேலை அவர்களுடையது என்பதால். வெறுங்கையால் எடுத்து, வைக்கோலில் சுற்றிச் சாக்கில் கட்டி, ஆலமரத்தில் தொங்கவிடுவோம் என்றார்கள். பால் வடியும் மரத்தில் கட்டினால் மாட்டுக்குப் பால் ஊறும் என்பது நம்பிக்கை. நாய் இழுத்துப் போகாது என்கிற அளவில் அதில் பயனும் இருக்கிறது. பிரச்சினை வெறுங்கையில். மாடு மாதம் நிறையாமல் கன்று வீசினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது புருசெல்லோசிஸ். கால்நடைத் துறையில் கன்று வீச்சு நோய் என்றே சொல்கிறார்கள். அந்த நஞ்சுக்கொடியிலும் கசிவிலும் கிருமி நிறைந்திருக்கும். விரலில் சின்ன வெட்டு இருந்தால் போதும். கறக்கும் பாலிலும் வரும்.

மனிதருக்கு வந்தால் அது வாரக்கணக்கில் விட்டுவிட்டு வரும் காய்ச்சல், இரவில் வியர்வை, மூட்டிலும் இடுப்பிலும் வலி. டைபாய்டு என்றும் காசநோய் என்றும் அலையவிடும். ஒரு மாணவி கூட்டம் முடிந்து தனியாக வந்து, அவள் அம்மாவுக்கு நாலு மாதமாக இப்படித்தான் இருக்கிறது என்றாள். "மாடு வச்சிருக்கோம், போன தை மாசம் கன்னு வீசிச்சுன்னு டாக்டர்கிட்ட சொன்னீங்களா?" "அவர் கேக்கல மேம்." கேட்க மாட்டார். வரிசையில் நூறு பேர் நிற்கும்போது யாரும் மாட்டைப் பற்றிக் கேட்க மாட்டார்கள். நாம்தான் சொல்ல வேண்டும். அவர்கள் போய்ச் சொன்னார்கள், ரத்தப் பரிசோதனை எழுதினார்கள், அதுதான். சில வாரம் தொடர்ந்து மாத்திரை. பாலைக் காய்ச்சிக் குடிப்பதும் கையுறை மாட்டுவதும் இப்போது அந்த வீட்டில் சட்டம். கையுறை கிடைக்காதபோது தடித்த பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டி ரப்பர் போட்டுக்கொள்கிறார்கள். பெண் கன்றுகளுக்கு நாலு முதல் எட்டு மாதத்துக்குள் போடும் தடுப்பூசி இருக்கிறது, அதையும் விசாரித்துப் போட்டிருக்கிறார்கள்.

இதே கதைதான் எலிக்காய்ச்சலிலும். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் கால் வைத்தால், காலில் இருக்கும் வெடிப்பு, சிராய்ப்பு வழியாக உள்ளே போகும். ஒவ்வொரு வருஷமும் ஐப்பசி மழையில் வாய்க்கால் தூர்வாரும் முகாமுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போய், வெறுங்காலோடு இறக்கி, சேற்றோடு சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்து அறிக்கையில் ஒட்டியவள் நான்தான். இப்போது ரப்பர் பூட்ஸ் இல்லாமல் யாரையும் இறக்குவதில்லை. பூட்ஸுக்குப் பணம் கேட்டபோது நிர்வாகத்தில் ஒருவர், "சேவைன்னா கால்ல சேறு படாமயா?" என்றார். முகாம் முடிந்து ஒன்று இரண்டு வாரத்தில் காய்ச்சல், கெண்டைக்கால் பிடித்து இழுக்கிற வலி, கண் சிவப்பு வந்தால், 'வாய்க்காலில் இறங்கினேன்' என்ற வார்த்தையோடு டாக்டரிடம் போகச் சொல்லி அனுப்புகிறேன். ஆரம்பத்தில் பிடித்தால் சாதாரண மாத்திரையிலேயே கேட்கும். விட்டால் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் பிடிக்கும். புதர்க்காட்டில் திரிந்து வந்தபின் வரும் உண்ணிக்காய்ச்சலும் இப்படித்தான். அக்குளிலோ இடுப்பு நாடா இறுகும் இடத்திலோ சிகரெட்டால் சுட்டது போல ஒரு கருப்புப் பொருக்கு இருக்கும், வலிக்காது, அதனால் யாரும் காட்ட மாட்டார்கள். காட்டுங்கள்.

மாணவர்கள் பயப்படும் பட்டியலும் எங்கள் கையில் இருந்தது. அதில் முதலிடம் நிபா. 2018-இல் கோழிக்கோட்டுப் பக்கம் 17 பேர் இறந்த செய்தியை எல்லோரும் கைபேசியில் பார்த்திருக்கிறார்கள். எங்கள் வளாகத்து அரசமரத்தில் பழந்தின்னி வௌவால்கள் தொங்குகின்றன. வெடி வைத்துத் துரத்த வேண்டும் என்று கையெழுத்து வாங்கவே ஆரம்பித்துவிட்டார்கள். துரத்தினால் மிரண்டு நாலு ஊருக்குச் சிதறும், அவ்வளவுதான். கடித்துப் போட்ட பழத்தைத் தின்னாதே, கீழே விழுந்த வௌவாலைத் தொடாதே என்பதோடு அந்தப் பேச்சை முடித்தேன். கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தவர்கள் நின்ற இடத்திலிருந்து பத்தடியில் மூன்று நாய்கள் படுத்திருந்தன. அவற்றை யாரும் கவனிக்கவில்லை.

அடுத்த இடம் பறவைக் காய்ச்சலுக்கு. கோழிப்பண்ணை ஊர், பயம் இருக்கத்தான் செய்யும். 2006-இல் இந்தியாவிலேயே முதலில் மகாராஷ்டிரத்து நவாபூரில் கண்டுபிடித்தபோது இங்கே முட்டை தேங்கியதைப் பெரியவர்கள் இன்னும் சொல்கிறார்கள். நன்றாக வேகவைத்த முட்டையிலும் கறியிலும் அந்த வைரஸ் தப்பாது. பண்ணையில் கொத்தாகச் செத்த கோழிகளை வெறுங்கையால் அள்ளுவதில்தான் ஆபத்து. இதைக் கேட்டுக்கொண்டே ஒருவன் கேன்டீனில் ஆஃப்பாயிலை அப்படியே உறிஞ்சினான். மஞ்சள் கரு வழிகிற முட்டையில் சால்மோனெல்லா என்று ஒன்று உண்டு, தம்பி, அது வாந்தி பேதியோடு விடும் பெரும்பாலும், பிழைத்துக்கொள்வாய்.

தேவையில்லாத பயங்களும் உண்டு. கோமாரி வந்த மாட்டைத் தொட்டால் கை கால் வாய்ப் புண் வரும் என்று பலர் எழுதியிருந்தார்கள். குழந்தைகளுக்கு வருவது வேறு வைரஸ். ஆங்கிலத்தில் பெயர்தான் ஒரே மாதிரி. மாட்டுக்கு உடம்பெல்லாம் கட்டி கட்டியாக வரும் தோல் கழலை நோயும் மனிதருக்கு வராது. 2022-இல் அதனால் பாலையே நிறுத்திய வீடுகள் உண்டு. நாய்க்குட்டிகளைக் கொத்தாகக் கொல்லும் பார்வோவும் நம்மைத் தொடாது. பயத்துக்கும் ஒரு கணக்கு வேண்டாமா?

ஒரு மாணவி கேட்ட கேள்வி எனக்குப் பிடித்தது. "நம்மகிட்ட இருந்து அதுங்களுக்குப் போகாதா மேம்?" போகும். 2021 ஜூனில் வண்டலூர்ப் பூங்காவில் சிங்கங்களுக்குக் கொரோனா வந்தது, நீலா என்ற பெண் சிங்கம் இறந்தது. அந்தச் சிங்கங்கள் எந்தச் சந்தைக்கும் போய் வந்தவை அல்ல. சைவப் பிள்ளை ஒருத்தி, தனக்கு இந்த நோய்களில் பாதி வராது என்று நிம்மதியாக எழுதியிருந்தாள். வலிப்புக்கு ஒரு முக்கியக் காரணமான பன்றி நாடாப்புழுவின் முட்டை, பன்றிக்கறியில் இருப்பதில்லை. அந்தப் புழு வயிற்றில் இருக்கும் மனிதரின் மலத்தில் இருக்கிறது. அங்கிருந்து மண்ணுக்கு, மண்ணிலிருந்து கழுவாத கீரைக்கு. அவள் அன்று மதியம் மெஸ் சாலட்டைத் தொடவில்லையாம். சமையல்கார அக்கா என்னிடம் சண்டைக்கு வந்தார்.

விடுதியில் நாங்கள் மாற்றியது கொஞ்சம்தான். நாய், பூனை, குரங்கு, எது கடித்தாலும் பிறாண்டினாலும், யார் சோறு வைத்தது என்ற கேள்வி கிடையாது. வீட்டுக்குப் போன் போடுவது முதல் ஊசி போட்ட பிறகு, அதுவும் அந்தப் பிள்ளையே பேச வேண்டும், நான் பக்கத்தில் இருப்பேன். இதைக் காப்பாளரிடம் எழுத்தில் வாங்கினேன். அதற்குத்தான் அதிக நாள் பிடித்தது. மீதி மூன்று குட்டிகளையும் தாயையும் விரட்டவில்லை. கால்நடை மருத்துவர் வந்து தாய்க்கு ஊசி போட்டார், குட்டிகளுக்கு மூன்று மாதம் ஆனதும் போட்டார். தாய்க்குக் கருத்தடையும் ஆயிற்று. முதல் மாதத்திலேயே நாலு பேர் தாங்களாக வந்து சொன்னார்கள். அதில் ஒன்று எட்டு மாதத்துக்கு முந்தைய பூனைக்கடி. அவளையும் டாக்டரிடம் அனுப்பினேன்.

என் மாணவி 28-ஆம் நாள் ஊசிக்குத் தனியாகவே போய்வந்தாள். திரும்பும்போது கடையில் ஒரு துணி சோப்பு வாங்கிக்கொண்டு வந்தாள். மெஸ்ஸுக்குப் பின்னால் இருக்கும் குழாயில், வெங்காயம் வரும் சிவப்பு வலைப்பையில் போட்டுக் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டாள். மேலே அட்டையில் '15 நிமிடம்' என்று மட்டும் எழுதினாள். அந்த சோப்பு ஒரு வாரத்தில் காணாமல் போனது. யாரோ துணி துவைக்க எடுத்துப் போயிருக்கிறார்கள். மறுபடி ஒன்று கட்டினாள். இப்போது தொங்குவது ஐந்தாவதோ ஆறாவதோ.